எழுபத்தொரு சதவீதத்தில்

செய்தவர்கள் மங்களம் பாடி
ஏழு வருஷம் ஆகிறது.
சர்வரை அணைத்த அன்று ஒரு மின்னஞ்சல் வந்தது:
"உங்கள் பயணத்தில் கூட வந்ததில் மகிழ்ச்சி."
என் பயணம் எங்கே முடிந்தது?
ஆறாம் கட்டத்தில்
கயிற்றுப் பாலத்தின் நடுவில் நிற்கிறேன்.

போன செவ்வாய்க்கிழமை
கைப்பெட்டி முரண்டு பிடித்தது.
"இந்தச் சேமிப்பு எதிர்காலத்தைச் சேர்ந்தது,
திறக்க முடியாது" என்றது.
ஓயார்ஸிடம் கொண்டுபோனேன்.
லியெபாயா டிராம் பணிமனையில்
பிரேக் பார்க்கிறவன்;
இரவுப்பணி இடைவேளையில்
செத்த கம்பெனிகளின் ஃபர்ம்வேரைப் பிரித்து மேய்கிறவன்.

கேன்டீன் மேஜையில் ரொட்டித் துணுக்குகளை ஒதுக்கிவிட்டுச் சொன்னான்:
நாட்களை எண்ண இதற்குப் பன்னிரண்டு பிட், டைகா.
நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு நாள்.
பதினோரு வருஷம், கொஞ்சம் சில்லறை.
அதற்கு மேல் யார் வைத்திருக்கப்போகிறார்கள் என்று
யாரோ ஒருத்தன் மதியச் சாப்பாட்டுக்கு முன்
முடிவுசெய்திருக்கிறான்.
செவ்வாயன்று எண்ணிக்கை நிரம்பிப் பூஜ்யத்துக்குத் திரும்பிற்று.
இப்போது இது பிறந்த நாளில் இருக்கிறது.
நீ விளையாடியதெல்லாம்
இனிமேல்தான் நடக்க வேண்டும்.

இன்னொரு பிட் வேண்டும்.
ஒன்றே ஒன்று.
உள்ளே எள் போட்டால் எள் விழாத நெரிசல்.
மூன்று இரவு தேடி ஓரிடம் கண்டிருந்தான்.
எங்கே என்றேன்.
அப்புறம், என்றான்.

மெமரி கார்டைச் செருகினான்.
உப்பிப்போன பேட்டரியை எப்போதோ பிடுங்கியாயிற்று;
சுவரிலிருந்து வரும் கேபிள்தான் அதற்கு மூச்சு.
கோடு ஊர்ந்தது. நாற்பது. ஐம்பத்தெட்டு.
வெளியே பால்டிக் காற்று
தகரக் கூரையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தது.
எழுபத்தொன்றில்
மின்சாரம் போனது.

இருட்டில் ஓயார்ஸ் ஒரு கெட்ட வார்த்தை சொன்னான்,
ரஷ்ய மொழியில், மெதுவாக,
குழந்தை தூங்கும் வீட்டில் சொல்வதுபோல்.
பாதி பழசு, பாதி புதுசு.
இரண்டுங்கெட்டானாய் அது என் மடியில்.

மின்சாரம் வந்தது. பெட்டி வரவில்லை.
பின்மூடியைக் கழற்றினான்.
கிரீஸ் படிந்த விரல்களில் என் புருவ இடுக்கி.
இரண்டு செம்புப் புள்ளிகளைச் சேர்த்துத் தொட்டான்.
"பட்டனை அழுத்து.
நான் சொல்லும்வரை விடாதே."
சொல்ல மறந்துபோனான்.
என் கட்டைவிரல் வெளுத்தபோது
கோடு மறுபடி முதலிலிருந்து கிளம்பியிருந்தது.

நூறு.
திரை கறுப்பாகவே இருந்தது.
எப்போதும் முதலில் மின்னும் கம்பெனிப் பெயர்,
அந்த நீல வெளிச்சம், காணோம்.
"போச்சு" என்றேன்.
"போகவில்லை.
பெயர் மின்ன ஒரு பிட் வைத்திருந்தார்கள்.
அதைத்தான் எடுத்தேன்."

பிறகு பாலம் வந்தது.
நடுவில் நான், விட்ட இடத்தில்.
இன்னும் பதினோரு வருஷம், சில்லறை.
அதற்கப்புறம்?
தோளைக் குலுக்கினான்.
ஐந்தேகால் டிராமுக்கு பிரேக் பார்க்கப் போய்விட்டான்.

ஓர் அடி எடுத்து வைத்தேன்.
விழுந்தேன்.