ஈரக்கோடு

ஹாக்கித் திடலின் பின்வேலிக்கு அப்பால்
பனியில் இடுப்பளவு புதைந்து
ஓர் இரும்புக் குழாய்.
பூட்டில் சாவி நுழைய
முதலில் அதன்மேல் வாய் வைத்து ஊதவேண்டும்.
இன்று மைனஸ் பத்தொன்பது.
எல்ம் ப்ரெய்ரி நகராட்சி, மினசோட்டா.
கண்காணிப்புக் கிணறு, எண் பதினான்கு.
இதிலிருந்து யாரும் ஒரு குவளை குடித்ததில்லை.

கருவியின் பேட்டரி குளிரில் செத்துவிட்டது.
எஃகு நாடாவின் நுனியில் ஐந்தடிக்கு
நீலச் சாக்பீஸைத் தேய்த்து
உள்ளே இறக்குகிறேன்.
நூறடி. நூற்றிருபது.
இருட்டு வாங்கிக்கொண்டே இருக்கிறது,
போதும் என்று சொல்கிற பழக்கம் அதற்கில்லை.
நூற்று நாற்பதில் நான்தான் நிறுத்துகிறேன்.
மேலே சுற்றி எடுத்தால்
வெளிர்நீலம், வெளிர்நீலம், வெளிர்நீலம்,
பிறகு கருநீலம்.
இரண்டுக்கும் நடுவில் இருக்கும் கோட்டுக்குத்தான்
எனக்குச் சம்பளம்.
அது உறைவதற்குள் படித்துவிட வேண்டும்:
நூற்று நாற்பதில் இரண்டு புள்ளி மூன்று ஏழு போக
நூற்று முப்பத்தேழு புள்ளி ஆறு மூன்று.

உள்ளே தொங்கும் பதிவுமானி
கால்மணிக்கொரு தரம் எழுதி வைக்கிறது.
ஜூலையில், இரட்டைப்படைத் தேதிகளில்
அதிகாலை நான்கு மணிக்கு ஒரு பள்ளம்:
இரட்டைப்படைக் கதவெண்காரர்களின் புல்தரை.
ஒற்றைப்படைத் தேதிகளிலும் அதே நேரம், அதே பள்ளம்,
கொஞ்சம் கூடுதல் ஆழமாக.
சரக்கு ரயில் போனால்
நீர் மயிரிழை எழுந்து அமர்கிறது.
எங்கோ கடலடியில் நிலம் நடுங்கிய ஓர் இரவு
ஊர் முழுக்கத் தூங்கியது.
பதினான்காம் எண் மட்டும்
இருட்டில் நெடுநேரம் ஆடிக்கொண்டிருந்தது.

ஆய்வகத்தின் அறிக்கை ஒன்றரை வரி:
டிரிட்டியம் தென்படவில்லை.
அதாவது, வானத்தில் குண்டுகள் வெடித்துப் பார்த்த
காலத்துக்கு முன்பே
பனியாய் விழுந்து, உருகி,
மணற்பாறைக்குள் இறங்கிய நீர்.
மேகாங்கை இரவில் நீந்திக் கடந்த என் அம்மா
பிறந்திருக்கவே இல்லை அப்போது.
அவ்வளவு நிதானமாக வந்தது
அதிகாலை நான்கு மணிக்குப் புல்லில் சுழல்கிறது.

போன செவ்வாய், மன்றக் கூட்டம்.
ப்ரென்னா ஸ்டால்கி விரித்த வரைபடத்தில்
ஆயிரத்து இருநூறு வீடுகள்,
ஒவ்வொன்றுக்கும் ஒரு பச்சை வட்டம்.
குடியிருப்பின் பெயர் ஸ்ப்ரிங் மெடோஸ்.
அங்கே ஊற்று இருந்தது உண்மைதான்.
மூன்றாவது ஆழ்துளை போட்ட வருடம்
அது ஊறுவதை நிறுத்தியது.

"ஒரே வார்த்தையில் சொல்லுங்கள், மிஸ் தாவ்,"
என்றார் உறுப்பினர் லிண்ட்குவிஸ்ட்,
"தண்ணீர் இருக்கிறதா?"

இருக்கிறது என்றேன்.
பொய்யில்லை.
அதன் பின்னால் ஓர் ஆனால் வைத்திருந்தேன்:
புல்தரைகள் தூங்கும் மாதங்களில்
கிணறு மெல்ல மேலேறும்,
ஒவ்வொரு மார்ச்சிலும் திரும்பி வரும்,
வந்த இடம் மட்டும்
சென்ற மார்ச்சுக்கு நான்கு விரற்கடை கீழே.
இருபத்திரண்டு மார்ச்சுகள்.
வரைபடத்தைத் தூரத்திலிருந்து பார்த்தால்
நொண்டி ஒருவன் படியிறங்குவது போலிருக்கும்.

மூன்று நிமிட மணி அடித்தது.
ஐந்துக்கு இரண்டு.
ப்ரென்னா என் கையைக் குலுக்கினாள்,
நல்லவள், கை கதகதப்பாக இருந்தது.

யாரையும் குறை சொல்லும் இடத்தில் நானில்லை.
கடந்த வளர்ச்சியில் கட்டிய வீடு என்னுடையது.
வாங்கும்போதே தானியங்கித் தெளிப்பான் இருந்தது.
கதவெண் நாலாயிரத்து நானூற்றுப் பதினேழு.
ஒற்றைப்படை.

குழாயைப் பூட்டிவிட்டு வருகிறேன்.
விரல் இடுக்கெல்லாம் நீலம்.
சமையலறைக் குழாயைத் திறந்து
வெந்நீர் வரட்டும் என்று காத்திருக்கிறேன்.
வர நேரமாகிறது.
ஓடிக்கொண்டிருக்கிறது.