உலாத்தி

செயின்ட் ஹெலினாவில் வறண்ட ஓடை என்றொரு பள்ளம்
இருந்தது.
எல்வின் கிரௌயி அதை நிரப்பினான்.
அவன் ஒருவனே அல்ல. ஆனாலும்
தன் லாரி கொட்டிய லோடுகளைச் சட்டைப்பை நோட்டில்
ஐந்தைந்து கோடாகப் போட்டு வைத்திருந்தான்,
கம்பெனிக்காரன் கணக்கை அவன் நம்புவதில்லை.

மலையை வெடித்து, மலையாலேயே பள்ளத்தை மூடினார்கள்.
மேலே ஓடுபாதை வரும்.
கேப்டவுனுக்குக் கப்பலில் ஐந்து நாள்
என்பதெல்லாம் இனிமேல் கதை.
சூரைமீன் ரொட்டிக்குள்ளும் புழுதி கடிபட்டது,
அவன் மென்றுகொண்டே ரிவர்ஸ் எடுத்தான்.

வெள்ளிக்கிழமை, மீன் வரிசையில்,
அருங்காட்சியகத்தில் சீட்டுக் கிழிக்கும் வெரோனா லெக் கேட்டாள்:
"எதன் தலையில் கல்லைக் கொட்டுகிறாய், தெரியுமா?"
எல்வினுக்கு வயிறு கலங்கிவிட்டது.
பழைய அடிமைக் கப்பல்களின் புதைகுழிகள்
இந்தத் தீவில் எங்கேயும் கிளம்பும்.
"மனுஷர் இல்லை, பறவை" என்றாள்.
"கொண்டலாத்தி. இங்கே மட்டும் இருந்தது."

யாரும் அதை வரையவில்லை.
பிடித்துத் தின்ற மாலுமி எவனாவது
'ருசி சுமார்' என்று
நாட்குறிப்பில் ஒரு வரி கிறுக்கியிருக்கலாம்.
அதுவும் இல்லை.
அந்த ஓடையில் கிடைத்த ஓர் இடத்தோள் எலும்பு,
வேறெங்கோ கிடைத்த சில துண்டுகள்,
அவ்வளவுதான் ஒரு முழுப் பறவை இனம்.
உடம்பு பெரிசாம். சிறகு அதற்குப் பத்தாதாம்.
துரத்த யாருமில்லாத தீவில்
இடுக்கிவால் பூச்சியைக் கொத்திக்கொண்டு
நடந்தே காலம் தள்ளியிருக்கிறது.
அந்தப் பூச்சியும் இப்போது இல்லை.

தமிழில் அதன் பெயரைப் பிரித்துப் பார்க்கிறேன்:
கொண்டை. உலாத்தி.
கொண்டைக்கு எலும்பு கிடையாது,
ஆகவே கொண்டை சந்தேகம்.
நிறம் சந்தேகம். குரல் சந்தேகம்.
உலாத்தியது மட்டும்
ஏறக்குறைய நிச்சயம்.

மறுநாள் எல்வின்
கல்லைச் சரிக்கும் முன் ஹார்ன் அடித்தான்.
ஒருமுறை, சின்னதாக.
"கீழே யாருப்பா?" என்றான் மேஸ்திரி.
"யாருமில்லை."
ஒரு வாரம் அடித்தான்.
பிறகு மழை, பிரேக் கோளாறு, சம்பளத் தகராறு.
எப்போது நிறுத்தினான் என்று நோட்டில் இல்லை.

சோதனைக்கு வந்த விமானம்
முதல்முறை சக்கரம் தொடாமலே எழும்பிப் போயிற்று.
அந்த முனையில் காற்று
கைகாட்டிய பக்கம் வீசாது.
இரண்டாம் முறையும் போயிற்று.
வேலி ஓரத்தில் பாதித் தீவு நின்று பார்த்தது,
எவனோ பின்னாலிருந்து,
"அந்தப் பறவைக்கு விஷயம் தெரிந்திருக்கிறது" என்றான்.
வெரோனா சிரிக்கவில்லை.
எல்வின் சிரித்தான், பிறகு
பூட்ஸால் தரையை ஒருமுறை தட்டிப் பார்த்தான்.
நூறு மீட்டர் கல். என்ன கேட்கும்?

விமானங்கள் ஒழுங்காக வரத் தொடங்கிய பிறகு
ஒரு சனிக்கிழமை மோனா வந்தாள்,
அசென்ஷன் தீவுச் சமையற்கட்டில்
ஒன்பது வருடம் வெங்காயம் உரித்த அவன் மனைவி.
படி இறங்கியதும் காற்று
தலைக்குட்டையைப் பிடுங்கிக்கொண்டு போயிற்று.
நரைத்த முடி
அப்படியே நெட்டுக்குத்தாய் நின்றது.
துரத்திப் போகவில்லை அவள். அவசரமும் படவில்லை.
காது அடைத்துவிட்டது என்று
தலையை ஒரு பக்கம் சாய்த்துத் தட்டியபடி
நடந்து வந்தாள்,

அவனுடைய கோடுகள் எல்லாவற்றின் மேலும்,
அந்த நீளம் முழுவதும்,
தன் பாட்டுக்கு.