இரண்டாவது மூக்கு

செவ்வாய் பின்னேரம் பெற்றோல் மலிவு.
டண்டினொங்கில், நாலாம் பம்புக்குப் பின்னால்
பதினொரு கார். நான் பன்னிரண்டு.
அந்த வரிசையில்தான் விளக்கு எரிந்தது:
செம்மஞ்சளில் ஒரு குட்டி எஞ்சின்,
குழந்தை கீறிய தண்ணீர்க்குடம் மாதிரி.
கூடவே ஒரு மணம்.
கூழ்முட்டை.
சீட்டுக்கு அடியில் சாப்பாட்டுப் பெட்டி எதையும்
மறந்துவிட்டேனோ என்று குனிந்து பார்த்தேன்.
இல்லை. நாறியது கார்தான்.

துவான் தன் கராஜில் வயரைச் செருகி வாசித்தான்.
மலிவுப் பெற்றோல் செய்த வேலையோ என்றேன்.
பெற்றோலில் பிழையில்லை, கீழே வந்து பார் என்றான்.
புகைக்குழாயின் வயிற்றில் ஒரு தேன்கூடு.
ஆயிரம் கண். கண்ணுக்குக் கண்
பிளாட்டினம், பலேடியம், ரோடியம் பூச்சு.
என் தாலிக்கொடியைவிட விலைகூடிய சாமான்
பதினாறு வருசம் சேற்றில் தொங்கியிருக்கிறது,
ஒரு நாளும் நான் குனிந்து பார்த்ததில்லை.

கூட்டுக்கு முன்னால் ஒரு மூக்கு, பின்னால் ஒரு மூக்கு.
முதலாவது, வருகிற நஞ்சை மோந்து பார்க்கும்.
இரண்டாவது, நஞ்சு போய்விட்டதா என்று மோந்து பார்க்கும்.
இரண்டும் ஒரே கதை சொன்னால் விளக்கு.

"கூடு தானாகச் சாகாது," என்றான் துவான்.
"ஆரோ கொல்ல வேணும்."
பழைய பிளக் ஒன்று பொறி தவறித் தவறி
எரியாத பெற்றோலைக் கீழே தள்ளியிருக்கிறது,
மாதக்கணக்காய்.
எஞ்சின் நடுங்கியது எனக்குத் தெரியும்.
ரேடியோச் சத்தத்தைக் கூட்டிவிட்டேன்.

ஆயிரத்து இருநூறு டொலர்.

குலம் அத்தான் சிரித்தார்.
"பன்னிரண்டு டொலருக்கு ஒரு பித்தளைத் துண்டு.
பின் மூக்கை ஒரு விரற்கடை வெளியே இழுத்துவிடும்.
அது பிறகு எல்லாம் சரியென்றே சொல்லும்.
வித்துப்போடு."

அவர் சொன்னால் நடக்கும்.
தடைக்காலத்தில் ஒஸ்ரின் காரை
மண்ணெண்ணெயில் ஓட்டிய கை அது.
சேலைன் போத்தலில் இருந்து ஒரு சொட்டுப் பெற்றோல்,
எஞ்சின் முழித்ததும் மண்ணெண்ணெய்க்குத் திருப்பு.
ஒழுங்கை நிறையப் புகை.
மூத்தவளைப் பெற அந்தக் காரில்தான் போனேன்,
வயிறும் கண்ணும் ஒன்றாய் எரிய.
எஞ்சினை ஏய்க்காமல் அன்று ஒருத்தரும்
ஓரிடமும் போய்ச் சேரவில்லை.

பூட்டினோம்.
விளக்கு அணைந்தது. மணம் அணையவில்லை.

சனிக்கிழமை மர்சியா வந்தாள். தாதிமைப் படிப்பு.
முக்காட்டின் மேல் ஏற்றிவிட்ட கறுப்புக் கண்ணாடி.
ரயரை உதைக்கவில்லை, விலை குறைக்கக் கேட்கவில்லை.
வெள்ளை ரிஷ்யூவை விரலில் சுற்றி
புகைக்குழாய்க்குள் விட்டு ஒருமுறை திருகினாள்.
கறுப்பு.
மூக்கருகில் கொண்டுபோனாள்.
"எங்கட தெருவில் பெற்றோலை
மோந்து பார்த்துத்தான் வாங்குவம்," என்றாள்,
கோபமில்லாமல், நேரம் சொல்வதுபோல.
பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.
பின் மூக்கை இழுத்துவைத்த எனக்கு
இவளை எங்கே இழுத்துவைப்பதென்று தெரியவில்லை.

சொன்னேன். பித்தளைத் துண்டு வரைக்கும்.

"ஏன் சொன்னாய்?" அத்தானுக்கு ஆறவில்லை.
"மண்ணெண்ணெயில் போனபோது எங்கே இருந்தது இந்த நியாயம்?"
"அண்டைக்குப் பிள்ளை வந்துகொண்டிருந்தது அத்தான்.
இண்டைக்கு வாறது ஆயிரத்து இருநூறு டொலர்."

மர்சியா வாங்கவில்லை. ஒரு மாஸ்டா எடுத்தாளாம்.
நான் பிளக் மாற்றினேன். பித்தளையைக் கழற்றினேன்.
கூட்டுக்கு இன்னும் நானூறு சேர வேணும்.
அதுவரை விளக்கு எரிகிறது,
இரவு வேலைக்குப் போகையில்
என் கை இரண்டும் செம்மஞ்சள்.

இன்று செவ்வாய். அதே வரிசை.
பின்னால் நிற்கிறவன் கண்ணாடியை ஏற்றுகிறான்.
போன மாதம்வரை
அவனுக்குக் குளிர் என்று நினைத்திருந்தேன்.