பாதி தனியா

மே மாதக் காட்பாடி.
இரவு பதினொன்றுக்கும் சுவர் சுடுகிறது.
மின்விசிறியை நிறுத்தச் சொன்னேன்,
இறக்கை சுற்றினால் அளவு ஆடும்.
தபசும் முறைத்தாள். நிறுத்தினாள்.

மூன்றாம் மாடி நடைகூடம்.
அந்தக் கோடியில் அனுப்பும் கொம்பு,
இந்தக் கோடியில் வாங்கும் கொம்பு,
இரண்டும் தீப்பெட்டி அளவுதான்.
அறுபது கிகாஹெர்ட்ஸில் ஓர் அலை
ஐந்து மில்லிமீட்டரில் முடிந்துவிடுகிறது,
ஒரு தனியா விதையின் நீளம்.
பாதி தனியா நகர்த்து. நில். எழுது.
பாதி தனியா நகர்த்து. நில்.

மைனஸ் ஐம்பத்தெட்டு.
மைனஸ் அறுபத்தொன்று.
சட்டென்று எழுபத்து நான்கு:
நேராக வந்ததும் சுவரில் பட்டு வந்ததும்
ஒன்றையொன்று தின்று தீர்த்த இடம்.
கையை வைத்துப் பார்த்தேன்.
அதே புழுக்கம், வேறொன்றுமில்லை.
ஒரு தனியா தள்ளி
மறுபடி ஐம்பத்தொன்பது.

சாவி தொலைந்த இரும்பு பீரோ ஒன்று
திருப்பத்தில் நிற்கிறது, நாலு வருஷமாக.
அதற்கப்பால் எங்களுக்குக் கிடைப்பதெல்லாம்
அதன் கதவு போட்ட பிச்சை.

பன்னிரண்டே காலுக்கு ஜங்ஷனில் சரக்கு வண்டி.
எங்கள் பாதத்துக்குத் தெரியாத நடுக்கம்
திரையில் தெரிந்தது.
வண்டி போகும்வரை வேர்வை துடைத்தோம்.

ஒன்று நாற்பதுக்கு எல்லாம் விழுந்தது.
இருபத்திரண்டு டெசிபல்.
கேபிளைக் கழற்றி மாட்டினேன்.
தபசும் இணைப்பில் வாயால் ஊதினாள்,
படித்த படிப்பை மறந்து.
பிறகுதான் நிமிர்ந்து பார்த்தோம்:
நடைகூடத்தின் நட்டநடுவே,
டார்ச்சை அணைத்து, பிளாஸ்க்கை அணைத்து,
காவலாளி முனிரத்தினம்.

"தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு
சத்தமில்லாம நின்னேம்மா."
எவ்வளவு நேரமாக?
"வண்டி ஒரு எட்டு தபா நவுந்துச்சு."
எண்ணிப் பார்த்தேன். எட்டுப் புள்ளிகள்.

டீ ஆறிப்போயிருந்தது, குடித்தோம்.
எட்டையும் அழித்துவிட்டு மறுபடி எடுத்தோம்.
அப்புறம் எனக்குத் தோன்றியது,
அங்கேயே இன்னொரு முறை நிற்பீர்களா?

மேல் பித்தானைப் போட்டுக்கொண்டார்.
தொப்பியை நேராக்கினார்.
மூச்சைப் பிடித்து நின்றார், போட்டோவுக்கு நிற்பதுபோல.
நேராக: இருபத்திரண்டு.
பக்கவாட்டில்: பதினாறு.
"சிரிக்கலாமாம்மா?"
சிரித்தால் ஒன்றும் ஆகாது என்றாள் தபசும்.

சிரித்தார்.
கால் டெசிபல் அசைந்தது.
பிழை எல்லைக்குள்தான்.
எழுதிக்கொண்டேன்.