அல்லிக்கரைக்கு ஒரு டிக்கெட்

செவ்வாய், வியாழன், சனி எங்கள் முறை.
காலை ஆறரைக்கு ஊசி ஏறும்.
ஏழுக்கு வார்டு டிவியில் அல்லிக்கரை வரும்,
முந்தின இரவு ஓடியதன் மறு ஒளிபரப்பு.
ஒருநாள் விட்டு ஒருநாள்தான் எங்களுக்குக் கதை.
நடுவில் யார் யாரை அறைந்தார்கள் என்பதைக்
கன்னத்தைப் பார்த்துக் கண்டுபிடிப்போம்.

அப்படியொரு ஊர் கிடையாது. தெரியும்.
இருந்தாலும் எங்கே?

ரிமோட் அற்புதமேரியிடம். தங்கவயல்காரி.
ஆம்பூர்ப் பக்கம் என்கிறாள்:
பின்னால் மொட்டைப் பாறை மலை,
கல்யாணப் பந்தியில் பிரியாணிக்குக் கத்தரிக்காய்.
"வேற எங்க வைப்பான்?"

நஞ்சுண்டையாவுக்குத் தமிழ் அரைகுறை.
அவர் தென்னையை மட்டும் பார்க்கிறார்.
இத்தனை நெருக்கமாய் நட்டால் காவிரித் தண்ணீர் வேண்டும்,
ஆகவே கரூருக்கு மேற்கே.
"நாங்க விட்ட தண்ணி" என்று சிரிக்கிறார்,
யாரும் சண்டைக்கு வருகிறோமா என்று பார்த்தபடி.

ஃபயாஸ் பாய் தையல்காரர், அளவு தப்பினால் பொறுக்கமாட்டார்.
காலையில் அந்த மலைமேல் சூரியன்.
பஞ்சாயத்து கலையும்போதும் அதே மலைமேல்.
"இந்த ஊர் எங்கேயும் தைக்காது, விடுங்க."

நான் இருபத்திரண்டு வருஷம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவள்.
எனக்கு ஊர் என்றால் ஸ்டேஜ்.
நாயகி இருபது ரூபாய் நீட்டினாள்,
மூன்று ரூபாய் திரும்பி வந்தது.
பதினேழு ரூபாய்த் தூரத்துக்கு
விடிய விடிய அழுதுகொண்டு போனாள்.
கண்டக்டர் ஒருமுறைகூட "உள்ள போங்க" சொல்லவில்லை.
அதை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

பில்லின் பின்பக்கம் வரைபடம் போட்டோம்,
பேனா டெக்னீஷியன் லிஜோ கொடுத்தது.
மலை, கோயில், மில், தாசில்தார் ஆபீஸ்
எல்லாம் எப்படியோ உட்கார்ந்துவிட்டன.
ஆறுதான் உட்காரவில்லை.

எங்களுக்கு நாளைக்கு எண்ணூறு மில்லி.
காபி, ரசம், மாத்திரை விழுங்கும் மடக்கு எல்லாம் சேர்த்து.
அங்கே ஆறு இரண்டு கரையும் தொட்டு ஓடுகிறது.
ஒருவரும் குடிப்பதில்லை.
காலை நனைத்துக்கொண்டு சொத்து விவகாரம் பேசுகிறார்கள்.
ஆறு வரும் காட்சியில் எங்கள் நான்கு கட்டிலிலும்
பேச்சு நின்றுவிடும்.
கிழக்கா, மேற்கா என்று பார்க்கவேண்டியதை
மறந்துவிடுவோம்.

திங்கள், புதன், வெள்ளிக்காரர்களை நாங்கள் பார்த்ததில்லை.
எடை மெஷின் அடியில் அவர்களுடைய சீட்டு இருக்கும்:
"நேற்று ரயில் காட்டினான். டீசல் எஞ்சின்.
மஞ்சள் பலகை வந்தது, எழுத்து வருவதற்குள் விளம்பரம்."

போன சனிக்கிழமை பஸ் காட்டினான்.
பச்சைப் பெயின்ட், நெற்றியில் அல்லிக்கரை.
இடப்பக்கம் மூன்றாவது ஜன்னல் கம்பியில் ஒரு வளைவு.
அந்த வளைவு என்னுடையது.
மாகடி ரோட்டில் எருமை குறுக்கே வந்த அன்று
என் தோள் போய் மோதிய கம்பி.
தாவரெகெரே வண்டி, ஏலத்தில் போனது.

"ஊரு இங்கதான்! இருபது கிலோமீட்டர்!"
என் பிரஷர் ஏறி மெஷினும் கத்தியது.
லிஜோ ஓடிவந்தான்.

அற்புதமேரி திரும்பவேயில்லை.
"வண்டி இங்கத்தது, சரி.
நீகூடத்தான் வாரம் மூணு நாள் இங்க படுத்திருக்க.
இது உன் ஊரா?"

ஸ்ரீராம்புரத்தில் பிறந்தவள் நான்,
ஆமாம் என்று வாயெடுத்தேன்.
அவள் கேட்டது பெங்களூரை இல்லை, கட்டிலை.

நாலு மணி நேரம் முடிந்து இறங்கும்போது
இரண்டு கிலோ இருநூறு குறைந்திருந்தேன்.
மெஷின் அடியில் சீட்டு வைத்தேன்:
"பஸ் காட்டினான். ஆளுக்கொரு பேச்சு.
திங்கட்கிழமை ஆறு வந்தால்
பூவோ இலையோ மிதக்கிறதா பாருங்கள்.
எந்தப் பக்கம் போகிறது என்று மட்டும் எழுதுங்கள்."