க அல்லது ௧

வெல்ட் கீ சுங்கக் கிடங்கில்
குளிர்சாதனம் கெட்டு மூன்று நாள்.
சாட்சிப்பொருள் எண் பதினெட்டு
பிளாஸ்டிக் பைக்குள் வியர்த்திருக்கிறது.
"ஆயுதமா, இல்லையா,
ஒரு வார்த்தை போதும் புவான் புஸ்பராணி"
என்கிறார் ஸம்ரி.
நோன்பு திறக்க இன்னும் நாற்பது நிமிடம்.

லோரோங் கூலிட் சந்தையில்
ஓடாத கைக்கடிகாரங்களுக்கும் ஒற்றைச் செருப்புக்கும் நடுவே
கப்பல் குழாய் என்று சொல்லி
இதை விற்கப் பார்த்தவர் தியோ எங் ஹூய்.
பாதி உண்மை. பித்தளைதான்.
என் கட்டைவிரல் தாராளமாய் நுழைகிற வாய்.
சிவப்பு, பச்சை, வெள்ளை:
அவ்வளவுதான் அதற்குத் தெரிந்த சொற்கள்.
வானத்தைச் சுட்டால்
கடற்கரை முழுக்க அண்ணாந்து பார்க்கும்.
ஆளைச் சுட்டால் ஆளும் எரிவான்,
அதையும் எழுதத்தான் வேண்டும்.

பவுடர் தீர்ந்துவிட்டது.
கைப்பையில் தண்ணீர்மலைத் திருநீற்றுப் பொட்டலம்.
ஒரு சிட்டிகை எடுத்துத் தேய்த்தேன்.
பள்ளங்கள் வெள்ளையாய் எழுந்து வந்தன.

முதலில் ஆண்டு, 1918.
பக்கத்தில் கிரீடம், அதன் கீழ் ஓர் எண், அதன் கீழ் ஓர் எழுத்து:
எங்கோ ஒரு பரிசோதகர்
சாப்பாட்டு மணிக்கு முன் அவசரமாய் அடித்தது,
கிரீடம் சற்றுச் சாய்ந்திருக்கிறது.
பிறகு காக்கைக்கால் போல ஓர் அம்பு.
அரசாங்கச் சொத்து என்று பொருள்.
குழலில் மட்டும் இன்னோர் அம்பு,
முதல் அம்போடு மூக்கும் மூக்கும் உரச.
விற்றாயிற்று, கணக்கில் கழித்தாயிற்று என்பதற்கு
அவர்கள் வைத்திருந்த இலக்கணம்:
அம்பை அம்பால் அடித்தல்.

ஆனால் எண்கள் ஒத்துவரவில்லை.
குழலில் 4417. உடலில் 4471.
தட்டச்சுப் பிழை என்கிறார் ஸம்ரி.
உளிக்கு ஏது தட்டச்சு?
இரண்டு துப்பாக்கிகள் செத்து
ஒன்று பிழைத்திருக்கிறது.
உடலில் ஒற்றை அம்புதான்.
ஆக, குழல் விடுதலையாகிவிட்டது,
உடல் இன்னும் அரசாங்கத்தினுடையது.
எந்த அரசாங்கம்?
பாரத்தில் அதற்கு
இரண்டு அங்குலம் இடம் விட்டிருக்கிறார்கள்.

பிடி வேறு கதை.
வால்நட் இருக்க வேண்டிய இடத்தில் வெளிறிய மரம்.
ரப்பர் கட்டை.
தையல் மெஷின் திருகால் முடுக்கப்பட்டிருக்கிறது.
அதில் ஒரு குறி,
என் மூன்று ஏடுகளிலும் இல்லாத குறி.
ஒரு நெடுக்கு, ஒரு குறுக்கு, இடப்பக்கம் ஒரு சுழி.
கால் மணி நேரம் அதை
ஆங்கிலமாகவே வாசித்துக்கொண்டிருந்தேன்,
வெட்கம்தான்.
விளக்கைச் சாய்த்ததும்
க.

"எழுத்தா?"
எழுத்துதான். கந்தையா, கதிரேசு, கருப்பண்ணன்
வரிசையில் யாரோ.
இல்லை, எண்ணாகவும் இருக்கலாம்,
எங்கள் பழைய ஒன்றுக்கும் இதே முகம்.
ஒன்று என்றால்
முதல் துப்பாக்கியா, முதல் முயற்சியா,
ஒரே ஒரு முறை சுட்டதன் கணக்கா?
எந்த இரவில்?
என்ன நிறம்?
யார் அண்ணாந்து பார்த்தார்கள்?

"எதைத் தட்டட்டும்?" என்கிறார்.
அவர் விசைப்பலகையில் இரண்டுமே இல்லை.

கப்பித்தான் கெலிங் பள்ளியிலிருந்து பாங்கு.
பேரீச்சம்பழம் ஒன்றை என் பக்கம் தள்ளிவிட்டு
அவர் தண்ணீர் குடிக்கிற சத்தம்.
நான் எழுதுகிறேன்:
குழல், 1918.
உடல், அதற்குச் சற்று முன்போ பின்போ.
பிடி, தேதியில்லை.
குறிப்பு என்ற கட்டத்தில் அந்தக் குறியை
பார்த்தபடியே வரைந்தேன், வாசிக்காமல்.

பையை ஒட்டிய பிறகுதான் நினைவு வந்தது,
திருநீற்றைத் துடைக்கவில்லை.
சாட்சிப்பொருளில் அந்நியப் பொருள்.
அதற்கும் ஒரு வரி சேர்க்க வேண்டும்.