ஏழாம் புள்ளி

சீனன்குடாவிலிருந்து அனுமதி வந்தது:
காலை ஆறரை முதல் எட்டு வரை,
நூறு மீற்றருக்கு மேலே போகக் கூடாது,
முகாம் பக்கம் மூக்கைத் திருப்பவும் கூடாது.

முந்திய மாலையே
இறக்கக்கண்டிப் பாலத்திலிருந்து வடக்கே
பன்னிரண்டு இடங்களில் விரித்தோம்,
போன தேர்தலின் பதாகைகளை வெட்டி.
வேட்பாளரின் சிரிப்பு மண்ணைப் பார்க்க,
வெள்ளை முதுகில் கறுப்பாய் ஒரு கூட்டல் குறி.
மூலைக்கோர் ஆணி.
நடுவில் கோலை நிறுத்தி
செய்மதிகள் சொன்ன எண்களைத்
தனுஜன் உரக்க வாசித்தான், நான் எழுதினேன்.
மூன்று தசம தானம்.
அவ்வளவு உறுதியாக நான்
என் பெயரைக்கூட யாரிடமும் சொன்னதில்லை.

விடிந்ததும் ட்ரோன் எழுந்தது.
இரண்டு காகங்கள் துரத்திப் பார்த்துக் களைத்தன.
போய்த் திரும்பி, போய்த் திரும்பி,
வானத்தில் சால் ஓட்டியது.
ஒரு படம் அடுத்ததன் மேல் முக்கால்வாசி படிய
ஆயிரத்து நூற்று நாற்பத்திரண்டு படங்கள்.

மேலிருந்து பார்த்தால்
தென்னை ஒரு நண்டு.
கரையேற்றிய வள்ளங்கள் உமி.
மனிதருக்கு முகமில்லை,
ஓர் உச்சந்தலை, காலில் கட்டிய நீள நிழல்.
நிழலை அளந்து பனையின் உயரம் சொல்வேன்.
ஆளைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

இரவு முழுக்கக் கணினி தைத்தது.
பதினொரு புள்ளிகள் விரல் அகலத்துக்குள் பொருந்தின.
ஏழாம் புள்ளி மட்டும்
பதினான்கு மீற்றர் நடந்திருந்தது.
அதையும் நம்பிய கணினி
கரையைப் பிடித்து இழுத்திருந்தது:
பாலம் நெளிந்து,
பள்ளிவாசல் கூரை கோணி,
களப்பு, சரிந்த தட்டிலிருந்து கஞ்சிபோல
மேற்கே வழிந்துகொண்டிருந்தது.

அறுநூற்றுப் பதின்மூன்றாம் படத்தைப் பெருப்பித்தேன்.
ஒரு வேலிக்குள்ளே எங்கள் கூட்டல் குறி.
அதன் மேல் பொடிப்பொடியாய் வெள்ளி.
பக்கத்தில் குந்தியிருந்தது ஒரு நிழல்.

"நெத்தலி," என்றான் தனுஜன்.
படத்தில் ஒரு புள்ளி மூன்று சென்ரிமீற்றர்.
மீனுக்கு இரண்டு புள்ளி கிடைத்திருந்தது.

ஏழை நீக்கிவிட்டுப்
பதினொன்றோடு முடித்திருக்கலாம்,
விதியில் இடமுண்டு.
ஆனால் பதாகைத் துண்டுகள்
களஞ்சியப் பதிவேட்டில் ஏறியிருந்தன.

பௌசியா எங்களைக் கண்டு
ஒளிக்கவுமில்லை, மன்னிப்புக் கேட்கவுமில்லை.
"மண் ஒட்டாத துண்டு. ரோட்டோரம் சும்மா கிடந்துச்சு.
காயட்டும், தாறன்."
நான்கு ஆணிகளையும் பால்மாத் தகரத்திலிருந்து
எண்ணி என் கையில் போட்டாள்.

காய்வதற்கு மூன்று மணி நேரம்.
வேறெங்கும் நிழலில்லை.
அவள் வீட்டுச் சுவரில் சாய்ந்தேன்.
திரும்பியபோது பார்த்தேன்,
நீலச் சுண்ணாம்பில் ஒரு பழுப்புக் கோடு,
இந்த மூலை முதல் அந்த மூலை வரை.
நான் வரைந்த எந்தச் சமவுயரக் கோடும்
இத்தனை துல்லியமாய் இருந்ததில்லை.

"மாரியில வரும்," என்றாள்
மீனைப் புரட்டியபடி,
பஸ்ஸைப் பற்றிச் சொல்வதுபோல.

மட்டக்கோலை நிறுத்தினேன்.
நிலத்திலிருந்து அறுபத்திரண்டு சென்ரிமீற்றர்.
ஆகஸ்ட் மாதப் படத்தில் அங்கே வெறும் மணல்.
அந்த மணலின் குறுக்கே என் வரைபடத்தில்
வீதியை ஒரு மீற்றர் உயர்த்தியிருந்தேன்.
வாகனங்கள் நனையாது.
தண்ணீர், கடலுக்குப் போகும் வழி அடைபட்டு,
இந்தக் கோட்டுக்கு மேலே
இன்னொரு கோடு போடும்.

நெத்தலி காய்ந்தது.

உட்துறைமுக வீதி அலுவலகத்தில், மின்விசிறியின் கீழ்,
மதகு என்று புதிதாய் ஒரு வரி சேர்த்தேன்:
மூன்று கண், ஒவ்வொன்றும் ஒன்றரை மீற்றர்.
காரணம் என்ற கட்டத்தில்
பேனை கொஞ்ச நேரம் நின்றது.
'சுவர்' என்று எழுதி வெட்டி,
'களப் பரிசோதனை' என்று எழுதினேன்.
அது அனுமதிக்கப்படுமா
இன்னும் தெரியாது.

இரண்டு முறை சவர்க்காரம் போட்டுக் கழுவிய விரிப்பைப்
போன வாரம் குச்சவெளியில் அடித்தோம்.
வந்த படத்தில்
கூட்டல் குறியின் நட்ட நடுவில்
ஒரு பூனை.

மறுபடி பறந்தோம்.